டாக்ஸிக்காரரின் முதுகுப்புறம்

உழைத்துப் பிழைப்பவர் எவருக்கும் ஏதேனும் ஓர் அபாயம் உண்டு. பால்மரம் வெட்டுகிறவனுக்குப் பாம்பு. செம்பனைக் குலை அறுக்கிறவனுக்குத் தலைமேல் விழும் மட்டை. ஆலையில் நிற்பவனுக்கு இயந்திரத்தின் பல். இவையெல்லாம் கண்ணுக்கு எதிரே நிற்கும் அபாயங்கள். ஆனால், முன்பின் அறியாத ஒருவனைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அவன் சொன்ன திசையில், அவன் சொன்ன இருட்டுக்குள், தன் கண்களை முன்னால் மட்டுமே வைத்துப் போகவேண்டிய தொழில் ஒன்று உண்டு. அதுதான் டாக்ஸி ஓட்டும் தொழில். கூலிக்காக முதுகைக் காட்டி உட்காருவதே அத்தொழிலின் முதல் நிபந்தனை. அந்த முதுகுப்புறத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்பதும், வண்டிக்குள் பொருத்தப்படும் சிறு காமிரா அக்காவலைத் தரக்கூடும் என்பதும், அதுவும் சில ஒழுங்குகளோடு மட்டுமே தரக்கூடும் என்பதுமே நான் இங்கே சொல்லவருவது.

இதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு. என் தாய்மாமன் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டாக்ஸி ஓட்டினவர். நான் சிறுவனாயிருந்தபோது அவருடைய பழைய மெர்சிடிஸ் டீசல் வண்டிதான் எங்கள் தோட்டத்து லயத்துக்கும் வெளியுலகத்துக்கும் பாலம். சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதும், பிரசவவலி கண்டவளை நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், ஊரிலிருந்து வந்த உறவினரைப் பெட்டி படுக்கையோடு ஏற்றிவருவதும் அவ்வண்டியில்தான். பின்புறம் மூவர், முன்புறம் ஒருவர், மடியில் குழந்தைகள் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. சில்லறை குறைந்தால் அடுத்த சம்பளத்தில் கொடுக்கலாம். மாமா ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்வார். குறிக்காமலே பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார்.

அக்காலத்தில் அவருக்கு என்ன காவல் இருந்தது? கதவுக்குப் பூட்டுக்கூடச் சரியாக விழாது. ஆயினும் அவர் அஞ்சியதில்லை. ஏனென்றால் அவர் வண்டியில் ஏறுகிறவன் வெறும் பிரயாணி அல்லன். அவன் இன்ன லயத்தில் இத்தனையாவது வீட்டுக்காரனுடைய மகன், இன்ன மண்டோருக்குக் கீழே வேலை செய்கிறவன், இன்னாருடைய மைத்துனன். அவன் ஒரு தகாத வார்த்தை பேசினாலும் அது விடிவதற்குள் அவன் தாயின் காதுக்குப் போய்விடும். ஒருவனை எல்லோருக்கும் தெரியும் என்பதே அவனை அடக்கிவைக்கும் கயிறு. முகம் அறியப்பட்டிருந்ததே அன்றைய காவல்.

அந்தக் காவல் எங்கள் கண்ணெதிரிலேயே கரைந்துபோயிற்று. கித்தாக் காடுகள் செம்பனைக் காடுகளாயின. செம்பனைக் காடுகளிற் பல வீட்டுமனைகளாயின. லயங்கள் காலியாகி, ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள் பாடாங் செராய்க்கும் லூனாஸுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினார்கள். 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், முறைவைத்து இரவும் பகலும் ஓடும் தொழிற்சாலைகளுக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள். 2012இல் மலேசியாவில் தொடங்கிய கைப்பேசிச் செயலி வாகனங்கள் பின்பு பட்டணந்தோறும் பரவின. 2019 ஜூலை முதல் அவையும் சட்டத்தின் கீழ் வந்தன. இன்று நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பகலில் ஒரு வேலை, இரவில் சொந்தக் காரில் செயலி ஓட்டம் என்று நாட்களைத் தள்ளுகிறார்கள். டாக்ஸியோ செயலி வண்டியோ, பெயர்தான் வேறு. முதுகைக் காட்டி உட்காரும் நிபந்தனை ஒன்றே. ஏறுகிறவன் மட்டும் இன்னாருடைய மகன் என்ற நிலை போய், யாரோ ஒருவன் ஆகிவிட்டான்.

மாமாவுக்கு வந்த துன்பம் இந்த மாறுதலின் நடுவே வந்தது. ஓர் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு பேர் ஏறினார்கள். மரியாதையாகப் பேசினார்கள்; “அண்ணே” என்றே அழைத்தார்கள். பீடோங் பக்கமாகப் போகச் சொல்லி, பிறகு ஒரு செம்பனைக் காட்டுச் சாலையில் திருப்பச் சொன்னார்கள். விளக்கில்லாத இடம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு கை கழுத்தைச் சுற்றிற்று. மற்றொருவன் கத்தியைக் காட்டினான். அன்றைய வசூல், கைக்கடிகாரம், கைப்பேசி, வண்டிச் சாவி எல்லாம் போயின. தோளில் ஒரு வெட்டோடு மாமா நான்கு மைல் நடந்து வந்தார். போலீஸ் நிலையத்தில் அவரை முதலில் கேட்ட கேள்வி, “முகத்தைப் பார்த்தீரா?” என்பது. அவர் எதைப் பார்த்திருப்பார்? முன்கண்ணாடியில் ஒரு தொப்பியின் விளிம்பையும் ஒரு கன்னத்தின் பாதியையும் பார்த்திருந்தார். அவ்வளவோடு அந்த வழக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதல்தான் என்னை இன்றும் வருத்துகிறது. “கண்டம் கழிந்தது,” என்றார் ஒருவர். “தலையெழுத்து,” என்றார் மற்றொருவர். வண்டிமுன் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னவரும் உண்டு. அன்பினால் சொன்ன சொற்களே அவை; ஆயினும் அவற்றால் ஒரு கதவுகூடப் பூட்டப்படுவதில்லை. ஆலையில் ஒருவன் விரலை இயந்திரம் நறுக்கினால், இயந்திரத்துக்கு மறைப்பு ஏன் இல்லை என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். டாக்ஸிக்காரர் கழுத்தில் கத்தி விழுந்தால் மட்டும் விதியென்கிறோம். வண்டியும் ஒரு வேலைத்தலம். அங்கே வரும் கேடும் தடுக்கக்கூடிய கேடே. இந்த எண்ணம் வேரூன்றாதவரை எந்தச் சாதனமும் நமக்குப் பயன்படாது.

காவல் இல்லாதபோது காரோட்டி தானே ஒரு காவலைத் தேடிக்கொள்கிறார். அதன் பெயர் சந்தேகம். இதன் கொடுமையையும் நான் அறிவேன். இருபத்திரண்டு வயதில் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை பார்த்துவந்த நாட்களில், தொழிற்சாலை வண்டி தவறிப்போய் நான் சாலையோரம் நின்றதுண்டு. காலியான டாக்ஸிகள் மெதுவாக வரும், விளக்கொளியில் என் முகத்தைப் பார்க்கும், வேகமெடுத்துப் போய்விடும். ஒன்று நின்றது. ஓட்டியவர் தமிழர். கண்ணாடியைப் பாதி இறக்கி, “எந்தத் தோட்டம்?” என்றார். சொன்னேன். “அந்தப் பக்கம் ராத்திரியில் வருவதில்லை, தம்பி,” என்று சொல்லிப் போய்விட்டார். அவரை நான் குறைகூறவில்லை. மாமாவின் தோளில் இருந்த தழும்பு எனக்குத் தெரியும். ஆனால் கறுத்த நிறமும், தோட்டத்து விலாசமும், இளம் வயதும் ஒருவனைத் திருடனாக்கிவிடுவதை எண்ணி அன்றிரவு நெடுநேரம் நடந்தேன். காரோட்டியைக் காப்பதற்கு வேறு வழி இல்லாதபோது, அந்தச் செலவைக் குற்றமற்ற ஏழைப் பிரயாணி தருகிறான். ஆகவே காரோட்டியின் பாதுகாப்பு காரோட்டிக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. நம் பிள்ளைகள் இரவில் கௌரவமாக வீடு வந்து சேர்வதும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி, காமிரா உண்மையில் காக்குமா என்று பார்ப்போம். இதற்கு ஊகம் வேண்டியதில்லை, கணக்கு உண்டு. அமெரிக்காவில் டாக்ஸி ஓட்டுகிறவர் வேலையின்போது கொலையுண்ணும் வாய்ப்பு, மற்றத் தொழிலாளருக்கு இருப்பதைப்போல் 60 மடங்கு என்று 2000ஆம் ஆண்டளவில் அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு இலாகா அறிவித்தது. பின்னர் அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 26 பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டு, 1996 முதல் 2010 வரை 15 ஆண்டுக் கொலைக் கணக்கை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்நகரங்களில் 8, டாக்ஸிக்குள் காமிரா வைத்தவை; 7, காரோட்டிக்கும் பிரயாணிக்கும் நடுவே தடுப்பு வைத்தவை; 11, இரண்டும் இல்லாதவை. காமிரா வைத்த நகரங்களில் காரோட்டிகள் கொலையுண்ட விகிதம், ஒன்றுமே வைக்காத நகரங்களின் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. தடுப்பு வைத்த நகரங்களில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இது முதலில் வியப்பைத் தரும். தடுப்பு கத்தியையே மறிப்பது. காமிராவோ கண்ணாடிச் சில்லு. அது எவன் கையையும் பிடிக்காது. பின் எப்படி அது வெல்கிறது? கொள்ளைக்காரன் பெரும்பாலும் வெறியன் அல்லன், கணக்குப் பார்க்கிறவன். இருட்டு, தனிமை, அறியப்படாத முகம் ஆகிய மூன்றையும் முதலாக வைத்து அவன் வியாபாரம் செய்கிறான். காமிரா மூன்றாவதைப் பறித்துவிடுகிறது. தான் ஏறிய அக்கணமே தன் முகம் எங்கோ பதிந்துவிட்டது என்று அறிந்தவன் வேறு பிழைப்பைத் தேடுவான். சிந்தித்துப் பார்த்தால், என் மாமாவுக்கு அந்நாளில் தோட்டம் தந்த காவலும் இதுவேதான். லயத்துக் கண்கள் செய்த வேலையை இப்போது ஒரு கண்ணாடி செய்கிறது.

ஆகவே காமிரா ஒளிந்திருக்கக் கூடாது என்பது விளங்கும். ஒளித்து வைத்த காமிரா குற்றம் நடந்தபின் சாட்சி சொல்லும்; வெளியே தெரியும் காமிராதான் குற்றத்தைத் தடுக்கும். கதவிலும் பின் இருக்கைக்கு எதிரிலும், “இவ்வண்டியில் படம் எடுக்கப்படுகிறது” என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதி ஒட்டவேண்டும்.

சாதனத்தின் தன்மையையும் கொஞ்சம் அறிந்துகொள்வது நலம். முன்கண்ணாடிக்கு அருகே, வண்டியின் உட்புறம் முழுவதும் தெரியும்படி ஓர் அகன்ற கண். இரவில் விளக்குப் போடாமலே முகம் தெரிவதற்கு, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. கதவு திறந்தவுடன் தானே படம் எடுக்கத் தொடங்கும் ஏற்பாடு. எடுத்த படம் ஒரு சிறு நினைவுப் பெட்டியில் சேரும். பெட்டி நிறைந்ததும் பழைய படம் அழிந்து புதியது அதன்மேல் பதியும். படம் உடனுக்குடன் வேறிடத்துக்குப் போய்ச் சேரும் காமிராக்களும் உண்டு. ஆயினும் பாலிங் போகும் மலைச்சாலையிலும் உள்தோட்டங்களிலும் கைப்பேசிக்கே சமிக்ஞை கிடைக்காத இடங்கள் இருப்பதை நாம் அறிவோம். ஆதலால் நம் வட்டாரத்துக்கு, வண்டிக்குள்ளேயே எளிதில் பெயர்க்கமுடியாதபடி பூட்டிய பெட்டியில் படம் தங்கும் காமிராவே முதல் தேவை. திருடன் காமிராவைப் பிடுங்கினாலும் படம் பிடுங்கப்படாமல் இருக்கவேண்டும். நீதிமன்றத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்; கணினிவழி உண்டாகும் பதிவைச் சாட்சியமாக ஏற்க, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு இடம் தருகிறது.

இவ்வளவும் சொன்னபின், எதிர்ப்பக்கத்து வாதத்தை அலட்சியம் செய்வது நியாயமாகாது. டாக்ஸியில் ஏறுகிறவள் ஒரு தாய். குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். ஏறுகிறவள் கணவனிடம் அடிபட்டுத் தாய்வீடு போகும் பெண், வழியெல்லாம் அழுகிறாள். நோயாளி தன் நோயைத் தன் மகனிடம் சொல்கிறான். இந்தப் படமும் இந்தப் பேச்சும் ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால், ஒரு குடும்பத்தின் மானம் ஒரே இரவில் கடைத்தெருவுக்கு வந்துவிடும். இது வீண் பயம் அன்று. 2018இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செயலி வண்டி ஓட்டிய ஒருவர், நூற்றுக்கணக்கான பிரயாணிகளை அவர்கள் சம்மதமின்றி இணையத்தில் நேரடியாகக் காட்டிவந்தது வெளிப்பட்டது. பாதுகாப்புக்காகவே காமிரா என்று அவர் சொல்லிவந்தார். காக்க வந்த கண்ணே கள்வனாகக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இங்கிலாந்தில் வேறொரு பாடம் கிடைத்தது. சௌத்ஹாம்ப்டன் நகரசபை, டாக்ஸிகளில் படத்தோடு பேச்சையும் இடைவிடாது பதிவு செய்யவேண்டும் என்று 2009இல் கட்டளையிட்டது. படம் சரி, ஆனால் எல்லாப் பேச்சையும் எப்போதும் பதிவு செய்வது அளவுக்கு மீறியது என்று தகவல் ஆணையர் 2012இல் தடுத்தார். நகரசபையின் மேல்முறையீட்டை நடுவர் மன்றமும் 2013இல் தள்ளிற்று. நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில், தரைப் போக்குவரத்து ஆணையம் 2018 தொடங்கி இதற்கு ஒழுங்கு வகுத்தது. உட்புறம் பார்க்கும் காமிராவுக்கு அனுமதி பெறவேண்டும். பிரயாணிக்கு அறிவிப்பு ஒட்டவேண்டும். காரோட்டி தாமே படத்தை எடுத்துப் பார்க்க முடியாது. அதிகாரம் பெற்றவரே திறக்கலாம். நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் நோக்கத்தை டாக்ஸியின் பின் இருக்கைவரை கொண்டுவருவதற்குத் தெளிவான விதிகள் வேண்டும்.

ஆக, விஷயத்தின் உயிர் காமிராவில் இல்லை. அதன் சாவி யார் கையில் என்பதில் இருக்கிறது. என் கருத்து இது: படம் எடுக்கட்டும், பேச்சு வேண்டாம். ஆபத்து வேளையில் காரோட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் பேச்சும் பதியட்டும். சாவி காரோட்டியிடமும் வேண்டாம், கம்பெனி முதலாளியிடமும் வேண்டாம். குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் போலீஸ் திறக்கட்டும். யார், எந்நாள், எதற்காகத் திறந்தார் என்பது பதிவாகட்டும். புகார் இல்லாத படம் சில நாட்களில் தானே அழியட்டும். பிரயாணி காரோட்டி மீது புகார் கொடுத்தாலும் அதே படம் திறக்கட்டும். இரு பக்கத்துக்கும் பொதுவான சாட்சியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அடுத்த கேள்வி செலவைப் பற்றியது. நல்ல காமிராவுக்குச் சில நூறு வெள்ளி ஆகும். பெர்மிட்டு கம்பெனியுடையது, உழைப்பு காரோட்டியுடையது என்ற நிலையில், நாள்தோறும் வாடகை கட்டியே முதுகு வளைந்தவர்கள் நம் டாக்ஸிக்காரர்கள். தனியாளுக்குப் பெர்மிட்டு தரும் திட்டத்தை 2016இல் அரசாங்கம் அறிவித்தது. அதன்படி விடுதலை பெற்றவர்களுக்கும் வண்டிக் கடனும் எரிபொருளும் காத்திருக்கின்றன. செயலி ஓட்டுநர்களோ ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு பங்கை நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆலையில் இயந்திரத்துக்கு மறைப்பு போடுவது தொழிலாளியின் கைக்காசிலா? அல்லவே. ஓட்டத்தில் பங்கு வாங்குகிறவர் காவலிலும் பங்கு தரவேண்டும். செயலி நிறுவனங்கள் சில, பயணத்தின் ஒலியைப் பதியும் வசதியைத் தந்திருக்கின்றன; இருட்டில் கழுத்தைப் பிடித்த கைக்கு உரிய முகத்தை ஒலி காட்டாது. தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆப்பாட் தரத்தை வகுத்து, நிறுவனங்களும் பெர்மிட்டுக் கம்பெனிகளும் செலவேற்று, தனியாள் பெர்மிட்டுக்காரருக்கு அரசாங்கம் உதவுவதே நேர்மையான வழி.

காரோட்டித் தோழர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 ஜூன் 1இல் அமலுக்கு வந்தபோது, அது முதன்முதல் தழுவிக்கொண்டது டாக்ஸி மற்றும் செயலி ஓட்டுநர்களைத்தான். வேலையின்போது காயமுற்றால் மருத்துவச் செலவும், உயிர் போனால் குடும்பத்துக்கு உதவித்தொகையும் பெர்கேசோவிலிருந்து கிடைக்கும். சந்தா கட்டாமல் விட்டுவிடாதீர்கள். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டத்தையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். காயம் ஓட்டத்தின்போதே நேர்ந்தது என்று நிரூபிக்கவேண்டிய நாளில், நாளும் நேரமும் பதிந்த படமே உங்கள் விதவைக்கும் வக்கீலாக நிற்கும்.

காமிரா வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குடித்து அறிவிழந்தவன் கண்ணாடியைப் பார்த்து அஞ்சமாட்டான். முகத்தை மூடி வருகிறவனும் உண்டு. விளக்கில்லாத சாலைக்கு விளக்கு வேண்டும். வேலையற்ற வாலிபனுக்கு வேலை வேண்டும். ஆனால் பெரிய மருந்து வரும்வரை சிறிய மருந்தைத் தள்ளிவைப்பது அறிவுடைமை ஆகாது.

மேலிருந்து விதி வரட்டும் என்று காத்திருக்கவேண்டியதும் இல்லை. 1946, 47ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் எழுந்து கெடாத் தோட்டங்களில் பரவிய தொண்டர் படையை நம் முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தங்கள் குடும்பங்களைக் கள்ளுக்கடையிலிருந்து காப்பாற்றப் பால்வெட்டுத் தொழிலாளரே அணி திரண்டார்கள்.  சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் உள்ள டாக்ஸி மற்றும் செயலி ஓட்டுநர்கள் ஒன்றுகூடி, மொத்தமாகக் காமிரா வாங்கி, ஒரே அறிவிப்பை ஒட்டி, சாவியைப் பற்றிய ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தால், அரசாங்கம் அவர்கள் பின்னால் வரும்.

சந்தேகத்தின் இடத்தில் சாட்சி வரவேண்டும். தலையெழுத்தின் இடத்தில் ஏற்பாடு வரவேண்டும். அன்று காரோட்டி தோட்டத்து வழியில் அச்சமின்றி ஓட்டுவார். அவ்வழியில் நிற்கும் நம் பிள்ளைக்கும் கதவைத் திறப்பார்.